ஹைட்ரசினுக்கு மாற்று: சின்ன த்ரஸ்டருக்கு எந்த உந்துபொருள்? டேங்கில் ஒரு வருஷம் தாங்கணும்

அறுகோணம்

வணக்கம். 12 கிலோ எடையில் ஒரு சின்ன செயற்கைக்கோள் செய்யற மாணவர் குழுவில் உந்துவிசைப் பிரிவைப் பார்த்துக்கறேன். மொத்தம் நொடிக்கு 50 மீட்டர் வேக மாற்றம் வேணும். நிரப்பின நிலையிலேயே ஏவுதலுக்காகப் பல மாசம் காத்திருக்க நேரலாம். மேலே போன பிறகும் சில மாசம் கழிச்சுத்தான் முதல் எரிப்பு. அதனால டேங்குக்குள்ள ஒரு வருஷம் கெடாம இருக்கணும்.

த்ரஸ்டர்ல (செயற்கைக்கோளை மெல்லத் தள்ளற குட்டி எஞ்சின்) வழக்கமாப் போடற ஹைட்ரசின்ங்கற நச்சு எரிபொருள் எங்களுக்கு நடக்காது. நிரப்பற வசதி இல்ல, பயிற்சி இல்ல, அதே ராக்கெட்டில் கூட வர்ற பெரிய செயற்கைக்கோள்காரங்களும் சம்மதிக்க மாட்டாங்க. மீதி இருக்கறது ஏ.டி.என், எச்.ஏ.என்-ங்கற ரெண்டு உப்புக் கலவை, அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு. விற்பனைத் தாள்களைப் பார்த்தா நாலுமே நச்சில்லாதது, பத்திரமானதுன்னு ஒரே மாதிரி எழுதியிருக்கு. நச்சு இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு எடுத்துக்கலாமா? இதில் கை வெச்சவங்க சொல்லுங்க.

ஏழாம்_வால்வு

எடுத்துக்கக் கூடாது தம்பி. ஆனா முதல்ல ஹைட்ரசினை ஏன் விடணும்னு, அதை நிரப்பினவன்கற முறையில் சொல்லிடறேன். அது தெரியாம மாற்று எதுன்னு எடை போட முடியாது.

ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பும் குழுவில் பல வருஷம் இருந்தேன். நிரப்பற நாளில் அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லா வேலையும் நின்னுடும். உள்ளே போறவங்க தலை முதல் கால் வரை மூடின உடையில் இருப்பாங்க. மூச்சுக் காற்று உடையோடவே வரும். அவங்களுக்கு ஏதாவது ஆனா இழுத்துட்டு வர, அதே உடையில் இன்னொரு ஜோடி கதவுகிட்டத் தயாரா நிக்கும். கையுறை அவ்வளவு தடிமன். இணைப்பைக் கழற்றறப்ப நட் எத்தனை சுற்று வந்திருக்குன்னு விரலுக்குத் தெரியாது, கண்ணால எண்ணணும். மொத்த வேலையிலும் குழாயைப் பிரிக்கற அந்த ஒரு நொடிதான் கடினம். இணைப்போட வாயில் ஒரு துளி தொங்கி நிக்கும். அது கீழே விழறதுக்குள்ள ஈரத்துணியால ஒற்றி எடுத்து, துணியைத் தண்ணிக்குள்ள போட்டு மூடணும். காய்ந்த துணியில் ஹைட்ரசின் ஊறினா, நெருப்பே இல்லாம தானாப் பற்றிக்கும்.

இன்னொண்ணு, மூக்கு நம்மைக் காப்பாத்தாது. ஹைட்ரசினோட அமோனியா மாதிரி வாடை நமக்குத் தெரிய, காற்றில் பத்து லட்சத்தில் 3, 4 பங்காவது இருக்கணும். 8 மணி நேர வேலைக்குத் தொழில்சார் சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கற வரம்பு பத்து லட்சத்தில் 0.01 பங்கு. அதாவது வாடை வந்து ஓடறதுக்குள்ள, வரம்பைப் போல 300 மடங்கு உள்ள போயிருக்கும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியதுங்கறதால ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல இதை மிகக் கவலைக்குரிய பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. கூட வேலை பார்த்த பசங்க முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த உடைக்குள்ள யாரையும் அனுப்பத் தேவையில்லாத ஒரு திரவம் வரணும்கறது என் மனப்பூர்வமான ஆசை.

கந்தகம்

சார் மேல மரியாதை உண்டு. ஆனால் ஹைட்ரசினைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன்.

அறுகோணம் கேட்பது ஒரு வருஷம். வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியது 1977-ல். அதில் 1980-க்குப் பிறகு தொடவே தொடாத ஒரு தொகுதி த்ரஸ்டர்களை 2017 நவம்பரில் இயக்கிப் பார்த்தார்கள். 37 வருஷத் தூக்கத்துக்குப் பிறகு சொன்னபடி எரிந்தன. அதே டேங்க், அதே ஹைட்ரசின். சேமித்து வைக்கும் தன்மைக்கு இதைவிடப் பெரிய சான்று எந்த உந்துபொருளுக்கும் கிடையாது. அலுமினா உருண்டைகளில் இரிடியம் பூசிய வினையூக்கி 1960-களிலேயே வந்துவிட்டது. வால்வைத் திறந்தால் போதும், தீப்பொறி வேண்டாம். அறையின் வெப்பமும் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வரும், சாதாரண நிக்கல் கலவை உலோகம் தாங்கும்.

மாற்று என்று வருகிற எதுவும் இந்த மூன்றையும் சேர்த்துத் தரவில்லை. தருகிறது என்று யாராவது சொன்னால் தரவு கேளுங்கள்.

வினையூக்கி

சாரும் கந்தகமும் சொன்னது இரண்டும் உண்மை. நான் இந்த வினையூக்கிகளோடுதான் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏ.டி.என், எச்.ஏ.என் இரண்டும் உப்புகள். ஒன்று அம்மோனியம் டைநைட்ரமைடு, மற்றது ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட். ஏ.டி.என்-ஐ 1970-களின் தொடக்கத்தில் சோவியத் வேதியியலாளர்கள் கண்டுபிடித்து ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் தனியாக மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. எச்.ஏ.என், பீரங்கிக்குத் திரவ வெடிமருந்து தேடியபோது அமெரிக்க ராணுவம் ஆராய்ந்த பொருள். இரண்டுமே ஆயுதத் துறையிலிருந்து வந்து செயற்கைக்கோளுக்குள் நுழைந்தவை.

உப்பு ஆவியாகாது. மொத்த ஆதாயமும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகிறது. வாய் வழியாகப் போனால் இவையும் நஞ்சுதான்: எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஹைட்ரசினுக்கு 60 மி.கி, எச்.ஏ.என் அடிப்படையிலான ஏ.எஃப்-எம்315இ கலவைக்கு 550, ஏ.டி.என் அடிப்படையிலான எல்.எம்.பி-103எஸ் கலவைக்கு 750. பத்து மடங்கு வித்தியாசம் பெரியதுதான். ஆனால் நிரப்பும் அறையில் யாரும் எரிபொருளைக் குடிப்பதில்லை, சுவாசிக்கிறார்கள். சுவாசிக்க ஆவியே இல்லை என்பதால்தான் அந்த மூடிய உடை தேவையில்லாமல் போகிறது. எல்.எம்.பி-103எஸ்-இல் மெத்தனாலும் கொஞ்சம் அமோனியாவும் கலந்திருக்கின்றன, அவை ஆவியாகும். நல்ல வேளையாக அமோனியாவின் வாடை தீங்கு வருவதற்கு முன்பே மூக்கை எட்டிவிடும்.

2010 ஜூனில் போன ஸ்வீடனின் பிரிஸ்மா திட்டம் இதற்கு அழகான சோதனை. அதன் முதன்மைச் செயற்கைக்கோளில் ஹைட்ரசின் அமைப்பும் எல்.எம்.பி-103எஸ் அமைப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே உடம்பில் இரண்டையும் ஓட்டி ஒப்பிட முடிந்தது. ஒவ்வொரு கிலோவும் தரும் உந்துதலை எடைக்கணக்கில் பார்த்தால் புதியது கிட்டத்தட்ட 6 சதவீதம் மேல். அடர்த்தியையும் சேர்த்துக் கொள்ளளவுக் கணக்கில் பார்த்தால் 30 சதவீதம் மேல். 2019 ஜனவரியில் ஜப்பான் தன் எச்.ஏ.என் கலவையைப் பறக்கவிட்டது. அதே வருஷம் ஜூனில் ஏ.எஃப்-எம்315இ-யைச் சுமந்த நாசாவின் செயற்கைக்கோள் போனது. அந்தக் கலவைக்கு இப்போது அசென்ட் என்று பெயர்.

இனி இதற்கு நாம் கொடுக்கும் விலை. இந்தக் கலவைகள் எரியும் வெப்பம் ஹைட்ரசினைப் போல இல்லை. எல்.எம்.பி 1600 டிகிரியைத் தொடும், அசென்ட் 1800-ஐ எட்டும். அங்கே நிக்கல் கலவை நிற்காது. ரீனியம் என்ற உலோகத்தில் செய்த அறைக்குள் இரிடியம் பூச வேண்டும். விலையும் அதிகம், கடைவதும் கஷ்டம். அடுத்து, கலவையில் இருக்கும் தண்ணீர். தண்ணீர் இருப்பதால்தான் தட்டினாலும் உரசினாலும் வெடிக்காமல் இருக்கிறது. அதே தண்ணீர் குளிர்ந்த வினையூக்கிமேல் விழுந்தால் வினையே நடக்காது, வினையூக்கி உருண்டைகளை அடுக்கிய படுகை முழுக்கத் திரவம் தேங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு எரிப்புக்கும் முன்னால் படுகையை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைக்க வேண்டும். சின்ன மின்கலத்துக்கு அது பெரிய செலவு, நேரமும் பிடிக்கும். அவசரத்துக்கு உடனே எரிக்க முடியாது.

பயன்படுத்திய படுகையைத் திறந்து பார்த்தால் பாதிப்பு கண்ணுக்கே தெரியும். உள்ளே போகும்போது ஒரே அளவாக இருந்த உருண்டைகள், வெளியே வரும்போது வாய்ப்பக்கத்தில் முழுசாகவும் நடுவில் விரிசலோடும் கடைசி அடுக்கில் பொடியாகவும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மணல் மாதிரி பரவியிருந்த இரிடியத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கும். அலுமினாவின் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். சூடான நீராவியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஹைட்ரசின் படுகையில் இந்தச் சேதம் இவ்வளவு சீக்கிரம் வராது.

ஆக, ஆபத்து இல்லாமல் போகவில்லை. நிரப்புகிறவரின் நுரையீரலிலிருந்து எரியறையின் உலோகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. இந்த இடமாற்றத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தேய்ந்த படுகையைச் சோதனை மேடையில் கழற்றி, காரணம் கண்டுபிடித்து, அடுத்ததைச் சரியாகச் செய்யலாம். ஒரு மனிதரின் உடம்பில் இருபது வருஷம் கழித்து வரும் நோயை அப்படிக் கழற்றிப் பார்க்க முடியாது.

கந்தகத்துக்கு: 37 வருஷத் தரவு எங்களிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எச்.ஏ.என்-இல் இரும்பு போன்ற உலோக அயனிகள் துளி அளவு கலந்தாலே மெதுவாகச் சிதைந்து வாயு விடத் தொடங்கும். நீண்ட காலச் சேமிப்பு என்றால் முதல் கேள்வி டேங்கின் சுத்தம்தான்.

நீள்வட்டம்

அறுகோணத்தின் செயற்கைக்கோளுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 கிலோ, நொடிக்கு 50 மீட்டர். ஐ.எஸ்.பி. (எடைக்கு எவ்வளவு உந்துதல் கிடைக்கிறது என்பதன் அளவு, நொடியில் சொல்வது) மதிப்புகளைச் சின்ன த்ரஸ்டருக்குப் பொருந்தும்படி கொஞ்சம் குறைத்தே எடுத்திருக்கிறேன்.

ஹைட்ரசின், 220 நொடி: 275 கிராம், 0.27 லிட்டர்.
எல்.எம்.பி-103எஸ், 230 நொடி: 263 கிராம், 0.21 லிட்டர்.
அசென்ட், 240 நொடி: 252 கிராம், 0.17 லிட்டர்.
90 சதவீதப் பெராக்சைடு, 150 நொடி: 401 கிராம், 0.29 லிட்டர்.
200 பார் அழுத்தத்தில் வெறும் நைட்ரஜன் வாயு, 70 நொடி: 843 கிராம், கிட்டத்தட்ட 3.8 லிட்டர்.

கடைசி வரி உங்கள் செயற்கைக்கோளின் பாதியை விழுங்கிவிடும். மற்ற நாலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு டம்ளருக்குள் அடங்கும். இந்த அளவு திட்டத்துக்கு ஐ.எஸ்.பி. பார்த்து உந்துபொருளைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. நிரப்புவது, காத்திருப்பது, சூடாக்குவது என்ற மூன்றில் எது உங்களால் முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

அறுகோணம்

ரொம்ப நன்றி நீள்வட்டம், இந்தக் கணக்கு எங்க குழுவில் ஒரு பெரிய விவாதத்தையே முடிச்சு வெச்சிருச்சு. பெராக்சைடு ஐ.எஸ்.பி. குறைவுன்னு ஒதுக்கி வெச்சிருந்தோம், கொள்ளளவில் ஹைட்ரசினுக்குச் சமமா வருதுன்னு எதிர்பார்க்கல. 90 சதவீதம் சிதைஞ்சா 750 டிகிரிக்குள்ளதான் வரும், வெள்ளி வலையே வினையூக்கிக்குப் போதும், எஃகு அறையே தாங்கும். சிதைஞ்சு வர்றது நீராவியும் ஆக்ஸிஜனும் மட்டும்தான்.

ஒரு சந்தேகம். அந்தச் செறிவில் வாங்கறது கஷ்டமா இருக்கு. குறைஞ்ச செறிவில் கிடைக்கறதை வாங்கி நாங்களே ஆய்வகத்தில் அடர்த்தியாக்கலாம்னு குழுவில் ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

ஏழாம்_வால்வு

செய்யாதீங்க. இதுக்கு வழிமுறை கேட்டு யாரும் இந்த இழையில் எழுத வேண்டாம்னும் கேட்டுக்கறேன். அடர்த்தியாக்கறப்ப சூடான பெராக்சைடும் அதோட ஆவியும் ஒரே பாத்திரத்தில் இருக்கும். ஒரு தூசி, ஒரு ரப்பர் வளையம், கழுவாம விட்ட எண்ணெய்ப் பசை போதும். தொழிற்சாலையில் அதைத் தனிக் கட்டடத்தில், தொலைவிலிருந்து இயக்கறாங்க. நிரப்புறது உள்பட எல்லாத்தையும் தயாரிப்பாளர்கிட்டயே விடுங்க.

நச்சில்லாததுக்கும் ஆபத்தில்லாததுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு பெராக்சைடு வரலாறு சொல்லும். 1955-ல பிரிட்டனின் சிடான் நீர்மூழ்கியில் பெராக்சைடு டார்பிடோ ஒண்ணு குழாய்க்குள்ளயே வெடிச்சு 13 பேர் செத்தாங்க. பிரிட்டிஷ் கடற்படை அந்த வகை டார்பிடோவையே கைவிட்டது. 2000 ஆகஸ்ட்ல ரஷ்யாவின் குர்ஸ்க், 118 பேர். அங்கயும் தொடக்கம் டார்பிடோவில் கசிஞ்ச பெராக்சைடுதான். ரெண்டிலும் பெராக்சைடோட நச்சால யாரும் சாகல.

அதுக்காக இது கெட்ட பொருள்னு சொல்ல வரல. எக்ஸ்-15 விமானத்தையும் மெர்குரி விண்கலத்தையும் மேலே திருப்பினது பெராக்சைடு த்ரஸ்டர்தான். பிரிட்டன் 1971-ல பிளாக் ஆரோ ராக்கெட்டில் மண்ணெண்ணெயோட பெராக்சைடை எரிச்சுத்தான் பிராஸ்பெரோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வெச்சது. ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் இன்னிக்கும் பூமிக்கு இறங்கறப்ப தன் கூண்டைப் பெராக்சைடாலதான் நிலைப்படுத்துது. ஆனா அதே சோயுஸ் மேலே ஏறக்குறைய 200 நாளுக்கு மேல நிக்கக் கூடாதுங்கற வரம்புக்கு, அந்தப் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாச் சிதையறது ஒரு முக்கியக் காரணம். உங்களுக்கு வேண்டியது ஒரு வருஷம். இங்கதான் யோசிக்கணும்.

அலுமினியத் துண்டைச் சுத்தம் பண்ணி, நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, பெராக்சைடில் தொங்கவிட்டுப் பார்ப்போம். நல்லா வந்த துண்டுமேல ஒண்ணும் தெரியாது, கண்ணாடி மாதிரி அமைதியா இருக்கும். சரியா வராத துண்டில், பற்றவைப்போட (வெல்டிங்) ஓரத்தில், ஒரே ஒரு புள்ளியிலிருந்து குமிழ் வரிசையா ஏறிட்டே இருக்கும். மத்த பரப்பு முழுக்கச் சுத்தம். அந்த ஒரு புள்ளியில் பதிஞ்ச இரும்புத் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. டேங்கை மூடிட்டா அந்தக் குமிழும் தெரியாது, அழுத்தமானி மட்டும் ஏறும்.

நீள்வட்டம்

சார் சொன்ன அழுத்தத்துக்கு எண் போடுகிறேன். 400 கிராம் 90 சதவீதத் திரவத்தில் சுத்தப் பெராக்சைடு 360 கிராம். வருஷத்துக்கு 1 சதவீதம் சிதைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பெரிய டேங்கில் அது சாதாரணம். சிதைவது 3.6 கிராம், வரும் ஆக்ஸிஜன் 1.7 கிராம், அறை வெப்பத்தில் சுமார் 1.27 லிட்டர். 0.36 லிட்டர் டேங்கில் திரவம் போக மிஞ்சும் இடம் 72 மில்லி. அங்கே அந்த ஆக்ஸிஜன் அடைபட்டால் அழுத்தம் 17 அல்லது 18 பார் கூடும்.

இது பெரிய டேங்கின் விகிதம். சிதைவு பெரும்பாலும் சுவரில்தான் நடக்கிறது. 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால் உங்கள் குட்டி டேங்கில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 8 மடங்கு சுவர் இருக்கிறது. பீப்பாய்க்கு உண்மையான 1 சதவீதம் உங்களுக்கு 8 சதவீதமாகலாம். அப்போது கூடும் அழுத்தம் 140 பார். சின்ன எஞ்சின்காரர்கள் பெரிய எஞ்சின்காரர்களின் சேமிப்புத் தரவை அப்படியே எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா?

ஒரு நல்ல பக்கமும் உண்டு. அழுத்தம் எவ்வளவு கூடும் என்று சோதித்து உறுதியாகத் தெரிந்தால், தனி அழுத்த வாயு இல்லாமல் அதையே திரவத்தைத் தள்ளப் பயன்படுத்தலாம். தெரியாமல் நம்பக் கூடாது.

துளிநீர்

தண்ணீரையே யாரும் சொல்லவில்லையே. டேங்கில் சுத்தமான தண்ணீர். மேலே போன பிறகு மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எரிக்கலாம். 2021 ஜனவரியில் நாசா ஏவிய பி.டி.டி-1 என்ற குட்டிச் செயற்கைக்கோளில் இப்படி ஒரு எஞ்சின் போனது. கூட வரும் செயற்கைக்கோள்காரர் யாரும் தண்ணீருக்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

நைட்ரஸ் ஆக்சைடும் நல்லதுதான். சமையல் எரிவாயு உருளை மாதிரி தன் ஆவியழுத்தத்திலேயே தள்ளிக்கொள்ளும், 20 டிகிரியில் 50 பார். ஈத்தேன், புரொப்பீன் மாதிரி எரிபொருளோடு சேர்த்து இப்போது சில நிறுவனங்கள் பறக்கவிடுகின்றன.

வினையூக்கி

துளிநீர், தண்ணீர் எனக்கும் பிடித்த வழி. ஆனால் மின்சாரத்தைக் கணக்கில் எடுங்கள். இவர்களுக்கு 200 கிராம் தண்ணீர் போதும் என்று வைத்தாலும், இழப்பே இல்லாமல் பிரிக்க 3.2 மெகாஜூல் வேண்டும். 10 வாட் கொடுத்தால் 3.7 நாள். உண்மையில் இதைவிட அதிகம். மெதுவாகச் சுற்றுப்பாதையை உயர்த்துவதற்கு நல்லது. மோதலைத் தவிர்க்க உடனே நகர வேண்டுமென்றால், பிரித்த வாயுவை முன்கூட்டியே சேமித்திருக்க வேண்டும், அப்போது அழுத்தக் கலன் பிரச்சினை திரும்பி வரும்.

நைட்ரஸைப் பற்றி எச்சரிக்கையாகவே பேச வேண்டும். அது பல்மருத்துவரிடம் இருக்கும் வாயுதான், அதனால் எல்லோருக்கும் பயம் போய்விடுகிறது. ஆனால் அது எரிபொருளே இல்லாமலும் வெப்பம் விட்டுச் சிதையக் கூடியது. 2007 ஜூலையில் மோஹாவி பாலைவனத்தில் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனத்தின் சோதனையில் மூன்று பேர் இறந்தார்கள். எஞ்சினை எரிக்கவே இல்லை, நைட்ரஸை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை மட்டும். தவிர, 36.4 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே நிற்காது. வெயில் படும் பக்கத்தில் டேங்கை வைத்தால் அடர்த்தியும் அழுத்தமும் உங்கள் கையில் இல்லை.

கந்தகம்

இப்போது நான் கேட்ட தரவு விஷயத்துக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் நிலவுக்குக் கிளம்பிய லூனார் ஃப்ளாஷ்லைட் அசென்ட் கலவையில்தான் ஓடியது. நாலு த்ரஸ்டரில் மூன்று முதலிலிருந்தே எதிர்பார்த்த உந்துவிசை தரவில்லை. நிலவுச் சுற்றுப்பாதைக்குப் போகாமலே 2023 மே மாதத்தில் திட்டத்தை முடித்தார்கள். அறுகோணத்தின் திட்டத்துக்கு இது ஒரு எச்சரிக்கை இல்லையா?

வினையூக்கி

எச்சரிக்கைதான், ஆனால் எதற்கு என்று பார்க்க வேண்டும். குழுவினர் சந்தேகித்தது, எரிபொருள் குழாய்களில் அடைத்த துணுக்குகள். அந்த அமைப்பை முப்பரிமாண அச்சில் செய்திருந்தார்கள். மயிரிழை அகலக் குழாய்களில் உலோகப் பொடி தங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. பம்ப் அழுத்தத்தைக் கூட்டி அடைப்பைத் தள்ளக்கூட முயன்றார்கள், விட்டுக் கொடுக்காமல் பல மாதம் போராடினார்கள். அதே கலவை 2019-இல் போன செயற்கைக்கோளில் ஐந்து த்ரஸ்டர்களில் ஒழுங்காக எரிந்தது.

பழியைத் திரவத்தின்மேல் போட முடியாது என்றாலும் உங்கள் கவலையை நான் ஒதுக்கவில்லை. இந்தத் திரவங்கள் அடர்த்தியானவை, அதனால் ஓட்டம் குறைவு, குழாயும் வால்வும் இன்னும் சிறியவை. ஹைட்ரசின் அமைப்பில் கடந்துபோகும் துணுக்கு இங்கே நின்றுவிடும். வடிகட்டி, குழாய் கழுவுதல், கழுவிய திரவத்தில் துகள் எண்ணுதல்: மாணவர் குழு பணமும் நேரமும் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

அறுகோணம்

எல்லாத்தையும் குழுவில் வாசிச்சோம். முடிவு இப்படி வந்திருக்கு. ஏவுதலுக்குச் சில வாரம் முன்னாடி, ஏவுதளத்திலேயே நிரப்ப அனுமதி கிடைக்குமான்னு ஏவுதல் நிறுவனத்தைக் கேட்டு எழுதியாச்சு. கிடைச்சா தரையில் காத்திருக்கற காலம் போயிடும். மேலே சில மாசம் மட்டும்தான், அப்ப பெராக்சைடு. தயாரிப்பாளரோட ஆட்களே வந்து நிரப்புவாங்க. கிடைக்கலைன்னா ஏ.டி.என் கலவையில் முழு அமைப்பாகவே, நிரப்பி முத்திரையிட்டதா வாங்கறோம். சூடாக்கற மின்சாரத்துக்கு மின்கலத்தைப் பெரிசாக்கணும், அதுக்கு இப்பவே இடம் ஒதுக்கிட்டோம்.

பெராக்சைடு வழிக்கு முன்னாடி, எங்க டேங்க் உலோகத்தையும் பற்றவைப்பு மாதிரியையும் தயாரிப்பாளரோட ஆய்வகத்துக்கு அனுப்பி, மூடின நிலையில் அழுத்தம் ஏறறதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கோம். ஏழாம்_வால்வு சார், அந்தச் சோதனையில் எதைக் கட்டாயம் கேட்கணும்?

ஏழாம்_வால்வு

நாலு விஷயம் கேளுங்க. வெறும் தகடு போதாது, உங்க டேங்க் எந்தக் கையால, எந்தக் கம்பியால பற்றவைக்கப்படுதோ அதே கையால செஞ்ச மாதிரி வேணும். வால்வோட வளையமும், டேங்குக்குள்ள திரவத்தையும் வாயுவையும் பிரிக்கற உதரவிதானமும் உள்ள இருக்கணும், ஏன்னா டேங்கை விட அதுதான் முதல்ல வேலையைக் காட்டும். நீள்வட்டம் சொன்ன சுவர் விகிதம் அப்படியே இருக்கற மாதிரி சின்னக் கலனாகவே செய்யச் சொல்லுங்க, பெரிய ஜாடியில் துண்டைத் தொங்கவிட்ட எண் உங்களுக்கு உதவாது. அப்புறம் அதே அளவு இன்னொரு கலனில் வெறும் தண்ணி ஊத்தி, அதே அலமாரியில், அதே அழுத்தமானி வெச்சு ஓடவிடச் சொல்லுங்க. அறை வெப்பம் ஏறி இறங்கறதால வர்ற அழுத்தம் எது, சிதைவால வர்றது எதுன்னு அதைக் கழிச்சாத்தான் தெரியும்.

வரைபடம் வந்ததும் இங்க போடுங்க. முதல் சில நாள் வேகமா ஏறி அப்புறம் தணிஞ்சா பரப்பு பதப்பட்டுட்டு வருதுன்னு அர்த்தம். நாளாக ஆக வேகம் கூடினா அந்தக் கலனைக் காலி பண்ணச் சொல்லிட்டு எனக்கு உடனே தனிமடல் போடுங்க.